நீரிலே பிறந்த வீரன்

நீந்துவதற்கு எது வேண்டும் என்று எந்தச் சிறுவனைக் கேட்டாலும், கையும் காலும் வேண்டும் என்பான். அந்த விடையை மறுபடி எண்ணிப் பார்க்க வைத்த ஒருவரைப் பற்றியே இன்று நேயர்களுடன் பேச விழைகின்றேன்.

பிரேசில் நாட்டின் கம்பீனாஸ் நகரில் 1988ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தவர் டானியல் டயஸ். பிறவியிலேயே அவருடைய இரு கைகளும் முழு வளர்ச்சி பெறவில்லை; வலக்காலும் குறைபாடுற்றிருந்தது. பதினாறு வயதுவரை அவர் நீச்சற் போட்டியை எண்ணியவரல்லர். 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் பராலிம்பிக் விளையாட்டில் தம் நாட்டவரான கிளொடோல்டோ சில்வா ஆறு தங்கப் பதக்கங்கள் வென்றதைத் தொலைக்காட்சியிற் கண்டார். தாமும் நீரில் இறங்கினார். எட்டே பாடங்களில் நால்வகை நீச்சலையும் கற்றுக்கொண்டார் என்பர்.

நான்கே ஆண்டுகளில், 2008இல், பெய்ஜிங்கில் நான்கு தங்கம் உட்பட ஒன்பது பதக்கங்கள். 2012இல் இலண்டனில் ஆறு போட்டிகளில் ஆறு தங்கம். 2016இல் தம் சொந்த நாட்டு றியோ நகரில் மேலும் ஒன்பது. அங்கே, தொடக்க விழாவிற் கொட்டும் மழையிற் சக்கர நாற்காலியில் வந்து தீபம் ஏற்றியவர் அதே சில்வா. அவருக்கு முன்னே நின்ற படிக்கட்டுகள் விலகிச் சாய்தளமாக மாறிய காட்சியை உலகம் கண்டது.

செயற்கைக் காலை அணிந்து போட்டியில் நீந்த விதி இடந்தராது. குறுகிய கை ஒவ்வொரு வீச்சிலும் சிறிதளவு நீரையே பின்தள்ளும். ஆகவே வீச்சுக்கள் மிகுதல் வேண்டும், உடல் நேராகக் கிடத்தல் வேண்டும். மல்லாந்து நீந்தும் போட்டியிலே கைப்பிடியைப் பற்ற இயலாதவர், துணியொன்றைப் பல்லாற் கடித்தபடி தொடக்கத்துக்குக் காத்திருப்பதும் உண்டு.

இனி, பலரும் கேட்கும் வினா ஒன்று. வெவ்வேறு குறைபாடுடையோரை ஒரே வரிசையில் நிறுத்துவது நீதியாகுமா? இதற்காகவே உடற்குறைபாடுடையோரை ஒன்று முதல் பத்து வரை வகுத்துள்ளனர். எண் சிறிதாயின் குறைபாடு பெரிது. பதினொன்று முதல் பதின்மூன்று வரை பார்வைக் குறைபாடுடையோருக்கும், பதினான்கு அறிவுசார் குறைபாடுடையோருக்கும் உரியன. அறிஞர்கள் உடலைத் தரையிற் சோதித்து, பின் நீரிலும் பார்த்து முடிவு செய்வர். மாணவரைத் தரம் பிரித்தே காலங்கழித்த எனக்கு, எல்லைக்கோட்டில் நிற்பவனுக்கு எந்தக் கோடும் கொடிதே என்பது தெரியும்.

டயஸ் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பில் நீந்தினார். பிற்காலத்தில் ஆறாம் வகுப்பினர் சிலர் மறுசோதனையில் ஐந்தாம் வகுப்புக்கு இறக்கப்பட்டனர். றியோவில் ஆறாம் வகுப்பில் வென்ற இத்தாலியர் பிரான்செஸ்கோ பொச்சார்டோ, 2021இல் தோக்கியோவில் ஐந்தாம் வகுப்பின் 100, 200 மீற்றர் போட்டிகளில் முதலிடம் பெற்றார். டயஸுக்கு அவ்விரண்டிலும் வெண்கலமே கிட்டியது. இது பிழையா, திருத்தமா என்று வாதிட இரு பக்கமும் நியாயம் உண்டு. நானோ, முன்னைய வெற்றிகளின் ஒளி இதனால் மங்கியதாகக் கொள்ளேன்.

தோக்கியோவில் அவர் பெற்றவை மூன்று வெண்கலங்கள். அவற்றுடன் சேர்த்துப் பதினான்கு தங்கம், ஏழு வெள்ளி, ஆறு வெண்கலம், ஆக இருபத்தேழு. தம் இறுதிப் போட்டியான ஐம்பது மீற்றரில் நான்காமவராய் வந்து சுவரைத் தொட்டு, முப்பத்து மூன்றாம் வயதில் நீரைவிட்டு எழுந்தார்.