சாபமா... ஸ்விட்ச்சா?

சாந்தோம் ஹைரோடு உங்களுக்குப் புதுசா என்ன? மெரினாவில் கடலை போட்டுவிட்டு, லைட் ஹவுஸ் தாண்டி, வெள்ளை வெளேர் என்று நிற்கும் பேராலயத்தைக் கடந்து, பட்டினப்பாக்கம் வரைக்கும் பைக்கை விரட்டியிருப்பீங்க. அந்த ஏரியாவைப் பற்றி நானூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது தெரியுமா?

கதை இதுதான். இயேசுவின் சீடர் புனித தோமா மயிலாப்பூர் பக்கம் கொல்லப்பட்டார் என்பது மரபு. அவரைக் கொன்றவர்களின் வம்சத்துக்கு ஒரு சாபமாம். அந்தப் பரம்பரையில் பிறக்கிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் மட்டும் யானையின் கால் மாதிரி தடித்துவிடுமாம்! லின்ஸ்ஹோட்டன் என்ற டச்சுக்காரர் 1596-ல் வெளியான தன் பயண நூலில் இதை எழுதினார். கோவாவில் உட்கார்ந்துகொண்டு காதால் கேட்ட கதை. அடுத்த நூற்றாண்டில் ஃப்ரையர் என்ற ஆங்கிலேய டாக்டர் மெட்ராஸுக்கே வந்தார். அப்படி ஒரு காலை ஜார்ஜ் கோட்டையில் நேரிலேயே பார்த்தார். ஆனாலும் அதே சாபக் கதையைத்தான் தன் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டார்.

"அட, அந்தக் காலத்து ஆளுங்க... விடுங்க பாஸ்" என்கிறீர்களா? அப்படி ஈஸியா விட முடியாது. "அவங்க வீட்ல யானைக்கால் இருக்காம்ப்பா, பரம்பரையா வருமாம்" என்று ஒரு கல்யாணப் பேச்சு நின்றுபோனதை உங்கள் ஊரிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். வார்த்தைதான் மாறியிருக்கிறது. லின்ஸ்ஹோட்டன் 'வம்சம்' என்றார். நம்ம சித்தப்பா 'ஜீன்' என்கிறார்.

நிஜத்தில் ஜீனுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் சித்தப்பா நினைக்கிற மாதிரி இல்லை. நம்ம ஊர் லேப் ஒன்று கண்டுபிடித்த கதை அதைவிட சுவாரஸ்யம்!

முதலில் வில்லனைப் பார்த்துவிடுவோம். பெயர் வுச்செரேரியா பேன்கிராஃப்டி. நூல் மாதிரி ஒரு புழு. பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் வரை இருக்கும், ஆண் அதில் பாதிகூட இல்லை. தங்குவது நம் நிணநீர்க் குழாய்களில். ரத்தக் குழாய் தெரியும்... நிணநீர்க் குழாய்? திசுக்களில் கசியும் திரவத்தை வடித்து மறுபடி ரத்தத்தில் சேர்க்கிற டிரெயினேஜ் சிஸ்டம் அது. நோய் எதிர்ப்பு செல்களின் ஹைவேயும் அதுதான். அதாவது, திருடன் வாடகைக்கு வீடு பிடித்திருப்பது போலீஸ் குவார்ட்டர்ஸில்! அதுவும் ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, ஆறு முதல் எட்டு வருஷம் வரை.

இந்தக் காலத்தில் அது லட்சக்கணக்கில் குட்டி போடும். மைக்ரோஃபைலேரியா எனப்படும் இந்தக் குட்டிகள் பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் பதுங்கிக் கிடக்கும். ராத்திரி ஆனதும் கை கால் ரத்தத்துக்கு உலா வரும். ஏன் ராத்திரி? அவற்றை ஏற்றிக்கொண்டு போகும் கியூலெக்ஸ் கொசு கடிக்க வருவது அப்போதுதான். யானைக்கால் சர்வேக்கு வருகிற சுகாதார ஊழியர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டி, தூங்குகிறவரை எழுப்பி விரலில் குத்துவதும் இதனால்தான்.

கியூலெக்ஸுக்குப் பிடித்தது சாக்கடைத் தண்ணீர். திருமயிலை பறக்கும் ரயில் ஸ்டேஷனில் நின்று கீழே எட்டிப் பாருங்கள். பக்கிங்ஹாம் கால்வாய் தெரியும். சாபத்துக்கு அட்ரஸ் தேடுகிறவர்கள் அங்கே தேடலாம்.

(பயந்து கொசு பேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு கடியில் வருகிற நோய் இல்லை இது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப நோய்க் கொசுவிடம் கடி வாங்கினால்தான் புழு குடும்பம் நடத்த வாய்ப்பு அதிகம்.)

இப்போதுதான் மேட்டரே. ஒரே தெரு, ஒரே கொசு, ஒரே புழு. ரெண்டு பேருக்குத் தொற்றுகிறது. ஒருத்தர் ஜிம்முக்குப் போகிறார், கிரிக்கெட் ஆடுகிறார், ஒரு வீக்கமும் இல்லை. அவர் ரத்தத்தை ராத்திரியில் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் குட்டிப் புழுக்கள் நெளிகின்றன. இன்னொருத்தருக்குக் கால் வீங்கிவிட்டது. ஆனால் அவர் ரத்தத்தில் குட்டிப் புழு பெரும்பாலும் கிடைப்பதே இல்லை.

மறுபடி ஒருமுறை படியுங்கள். கால் வீங்கியவர் பொதுவாக யாருக்கும் நோயைப் பரப்புவதில்லை. பரப்புகிறவர் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காரத் தயங்கி எழுந்து நின்றாரே... அந்த ஜிம் பாடியாக இருக்கலாம். தொற்று உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் வெளியே ஒன்றும் தெரியாத அந்த ஜிம் பாடி கோஷ்டிதான். அது நானாகவும் இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம்.

ஏன் இந்த வித்தியாசம்? இங்கேதான் ஜீன் வருகிறது. உங்கள் உடம்பில் கிட்டத்தட்ட எல்லா செல்லிலும் ஒரே செட் ஜீன்கள்தான், சுமார் இருபதாயிரம். கண்ணிலும் அதே, கல்லீரலிலும் அதே. அப்புறம் எப்படி கண் கண்ணாக இருக்கிறது? எந்த ஸ்விட்ச் ஆன், எது ஆஃப் என்பதுதான் வித்தியாசம். ஆன் ஆன ஜீன் தன் தகவலை எம்.ஆர்.என்.ஏ. என்ற பிரதியாக எடுத்து அனுப்பும், அதைப் பார்த்து செல் புரதம் தயாரிக்கும். ஜீன் எக்ஸ்பிரஷன் என்பது இதுதான். தமிழில் மரபணு வெளிப்பாடு. ஹாஸ்டலில் எல்லா ரூமிலும் ஒரே ஸ்விட்ச் போர்டுதான். எக்ஸாம் சமயத்தில் எந்த ரூமில் லைட் எரிகிறது, எந்த ரூமில் ஃபேன் மட்டும் ஓடுகிறது என்று வெளியே நின்றே சொல்லிவிடலாமே, அப்படி! ஒரு செல்லில் எந்த எம்.ஆர்.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று எண்ணினால், அந்த செல் என்ன மூடில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சாந்தோமிலிருந்து கொஞ்ச தூரம்தான், சேத்துப்பட்டு. அங்கே 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2011-லிருந்து அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோய் மருந்து ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற இடம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து அங்கே யானைக்கால் நோயின் எதிர்ப்புசக்தி ரகசியத்தையும் வருஷக்கணக்கில் துருவினார்கள். சுபாஷ் பாபு, வி.குமாரசாமி, அமெரிக்காவின் தாமஸ் நட்மன் ஆகியோர் இதில் முக்கியமான பெயர்கள். ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தவர்கள் நம்ம பக்கத்து மக்கள்.

எப்படிச் செய்தார்கள்? ரத்தத்தில் வெள்ளை அணுக்களைப் பிரித்து, அவற்றுக்குப் புழுவை, அல்லது புழுவிலிருந்து எடுத்த சத்தைக் காட்டி, எந்தெந்த ஸ்விட்ச் ஆன் ஆகிறது என்று அளந்தார்கள். தொற்று இல்லாதவர், தொற்று இருந்தும் அறிகுறி இல்லாதவர், கால் வீங்கியவர் என்று ஒப்பிட்டும் பார்த்தார்கள்.

2005-ல் வந்த முடிவு ஒன்று என்னை அசர வைத்தது. நம் செல்களில் டோல்-லைக் ரிசப்டர் என்று வாட்ச்மேன்கள் உண்டு. வெளி ஆள் உள்ளே வந்தால் விசில் ஊதுவது அவர்கள் வேலை. புழுவைச் சுமக்கிற ஆட்களின் ரத்த அணுக்களில் சில வாட்ச்மேன்களின் எண்ணிக்கையே குறைந்திருந்தது. இருந்தவர்களும் சரியாக விசில் ஊதவில்லை! அடுத்த வருஷம் இன்னொன்று. உயிருள்ள புழுவைக் காட்டியபோது, சண்டையைத் தூண்டும் ஜீன்கள் அடங்கின. ஃபாக்ஸ்-பி3, சி.டி.எல்.ஏ.-4 மாதிரி பிரேக் ஜீன்கள் தூக்கலாக ஓடின. அதாவது புழு நம்மோடு சண்டையே போடவில்லை. நம் ஸ்விட்ச் போர்டில் கை வைத்து, "அண்ணே, கொஞ்சம் அமைதியா இருங்க" என்று உட்கார வைத்துவிட்டது. வார்டனையே தூங்க வைத்துவிட்டு வருஷக்கணக்கில் ஹாஸ்டலில் ஓசியில் தங்கும் கெஸ்ட்!

கால் வீங்கியவர்கள் கதை நேர் எதிர். 2009-ல் வெளியான ஆய்வில் அவர்கள் செல்களில் அந்த பிரேக் ஜீன்கள் குறைவாக ஓடின. அழற்சியைக் கிளப்பும் டி-ஹெல்பர் 1, டி-ஹெல்பர் 17 என்ற ரெண்டு படைப்பிரிவும் முழு வேகத்தில். தூங்காத வார்டன்... ஆனால் கதவு ஜன்னலை எல்லாம் உடைத்துக்கொண்டு திருடனைத் தேடுகிற வார்டன். புழு ஒரு பக்கம், நம் கோபம் மறுபக்கம். நடுவில் நிணநீர்க் குழாய் சேதமாகிறது. திரவம் வடியாமல் கால் வீங்குகிறது. வீங்கிய காலில் சின்ன வெடிப்பு, சேற்றுப்புண் வழியாக பாக்டீரியா நுழைந்து, காய்ச்சலும் வலியுமாக வந்து வந்து போகும். ஒவ்வொரு தடவையும் வீக்கம் ஒரு படி ஏறும். அதனால்தான் தினமும் சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரைக்கும் ஈரம் போகத் துடைப்பதே இங்கே பெரிய மருத்துவம்.

'ஸ்விட்ச் எல்லாம் சரி, வம்சம்தானே ஸ்விட்ச்சை முடிவு செய்யுது?' என்று கேட்கிறவர்களுக்கு ஒரு ஃபிளாஷ்பேக். இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கப் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் இந்தத் தொற்றை வாங்கினார்கள். சில மாதத்திலேயே கை, கால், விதைப்பையில் வலியும் வீக்கமும் வந்தது. ஆனால் ரத்தத்தில் குட்டிப் புழுவைக் காண்பதே அபூர்வம். அதே தீவுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் ரத்தம் நிறைய குட்டிகளோடு சாதாரணமாக நடமாடினார்கள். சின்ன வயசிலிருந்தே, சிலருக்குத் தாய் வயிற்றில் இருக்கும்போதே புழுவோடு பழகிய உடம்பு அமைதியாகிவிடுகிறது. புதுசாகப் பார்க்கிற உடம்பு கொதிக்கிறது. ஓஹையோ பையனுக்கும் தோமாவைக் கொன்ற வம்சத்துக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள்? பரம்பரையாக வரும் ஜீன் வித்தியாசங்களும் கொஞ்சம் பங்கு வகிக்கலாம். ஆனால் கொசுவும் புழுவும் இல்லாமல் எந்த ஜீனாலும் இந்த நோயைக் கொண்டுவர முடியாது.

இப்படி வார்டனைத் தூங்க வைப்பதில் பக்க விளைவுகளும் உண்டு. சென்னையில் 26,001 பேரிடம் தொடங்கிய சர்க்கரை நோய் ஆய்வின் ஒரு பகுதியாக 2010-ல் ஒரு விஷயம் வெளிவந்தது. சர்க்கரை உள்ளவர்களிடம் இந்தப் புழுத் தொற்று மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. புழு அழற்சியை அடக்குவதால் சர்க்கரையும் தள்ளிப்போகிறதோ என்று யோசிக்க வைத்த ஆய்வு. உடனே 'புழு நல்லது' என்று கிளம்பிவிடாதீர்கள்! சேத்துப்பட்டு ஆய்விலேயே இன்னொரு பக்கம் தெரிந்தது. உடம்பில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடப்பவர்களுக்கு இந்தப் புழுவும் இருந்தால், காசநோய்க்கு எதிரான செல்களின் வேகமும் குறைகிறது. ஒரு திருடனுக்காகத் தூங்கிய வார்டன் மற்ற திருடனுக்கு மட்டும் முழித்துக்கொள்வாரா என்ன?

சரி, மருந்து? அதிலும் மெட்ராஸ் கனெக்ஷன் இருக்கிறது. எல்லப்ரகட சுப்பாராவ். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் கட்டிக்கொண்டு வந்ததால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். 1920-களில் அமெரிக்காவுக்குப் போனார். லெடர்லி நிறுவனத்தில் அவர் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது, 1940-களில் அவருடைய குழு கொண்டுவந்த மருந்துதான் டி.இ.சி. என்கிற டைஈதைல்கார்பமசின். இன்றைக்கும் இந்தியா முழுக்க யானைக்கால் மாத்திரை என்று கொடுப்பது அதைத்தான். கூடவே அல்பெண்டசோல். 2017-க்குப் பிறகு சில இடங்களில் ஐவர்மெக்டினும் சேர்த்து மூன்று மருந்து.

தமிழ்நாட்டில் இந்த நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. பீகார், ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசம் மாதிரி மாநிலங்களில் இன்னும் மாத்திரைத் திட்டம் நடக்கிறது. நாளைக்கு வேலைக்கோ மேல்படிப்புக்கோ அந்தப் பக்கம் போனீர்கள் என்றால், சுகாதார ஊழியர் கதவைத் தட்டி மாத்திரையை நீட்டுவார். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே மேடம்" என்று வாங்கி பாக்கெட்டில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒண்ணும் இல்லை என்று தோன்றுகிறவர்களுக்குத்தான் அந்த மாத்திரை! கர்ப்பிணிகள், ரெண்டு வயசுக்குக் குறைந்த குழந்தைகள், கடுமையான நோயாளிகள் தவிர மற்ற எல்லோரும் வெறும் வயிற்றில் இல்லாமல் சாப்பிட்டுவிட்டு, அவர் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும்.

விழுங்கிய பிறகு சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி வரும். "மாத்திரை ஒத்துக்கல" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவார்கள். பெரும்பாலும் விஷயம் வேறு. ரத்தத்தில் இருந்த குட்டிப் புழுக்கள் கூட்டமாகச் சாகின்றன. அவற்றின் உடம்பிலிருந்து சிதறுவதைப் பார்த்து இத்தனை வருஷம் தூங்கிய வாட்ச்மேன்கள் ஒரே நேரத்தில் விசில் ஊதுகிறார்கள். ரெண்டு மூணு நாளில் அடங்கிவிடும். புழு இல்லாதவருக்கு அப்படி ஏதும் வருவது அபூர்வம்.