உங்களுக்குத் தெரியுமா? பில்லில் ஒளிந்திருக்கும் ஜி.எஸ்.டி.

குஜராத்தின் மோர்பியில் தயாரான டைல்ஸை மதுரையில் நீங்கள் வாங்கினால், மாநிலப் பங்கு வரி குஜராத்துக்குப் போகாது, தமிழ்நாட்டுக்கே வரும். பொருள் செய்த ஊருக்கு அல்ல, பயன்படுத்தும் ஊருக்கே வரி. தொழிற்சாலைகள் நிறைந்த தமிழ்நாடு, 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் வருவாய் குறையுமே என்று அஞ்சியதற்கு இதுவே காரணம். மாநிலங்களின் இழப்புக்கு ஐந்தாண்டு ஈட்டுத்தொகை தரப்பட்டது; 2022 ஜூனோடு அந்தக் காலம் முடிந்தது.

அதே டைல்ஸ். ஆலை 10,000 ரூபாய்க்கு விற்று, 18 சதவீத வரியாக 1,800 ரூபாய் வாங்குகிறது. மதுரைக் கடைக்காரர் 13,000-க்கு விற்றால் உங்களிடம் வாங்கும் வரி 2,340. ஏற்கெனவே கொடுத்த 1,800-ஐக் கழித்துக்கொண்டு, மீதி 540-ஐ மட்டும் அவர் கட்டுவார். வியாபாரிகள் ‘இன்புட்’ என்பது இதைத்தான். ஆனால், விற்றவர் அந்த பில்லைத் தன் ரிட்டர்னில் காட்டாவிட்டால், வாங்கியவருக்கு இன்புட் கிடைக்காது. வரியை முழுதாகக் கொடுத்த சிறு வியாபாரி அடுத்தவர் தவறுக்காக அலைவது நியாயமே இல்லை. இந்த ஓட்டையைத்தான் அரசு முதலில் அடைக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. கவுன்சிலில் ஒன்றிய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆக, எல்லா மாநிலங்களும் ஒன்றுசேர்ந்தாலும் டெல்லியை மீற முடியாது. முதன்முதலாக ஓட்டெடுப்பு நடந்தது 2019 டிசம்பரில், லாட்டரிச் சீட்டு வரிக்காக!

பெட்ரோல், டீசல், மது மூன்றும் இன்னும் ஜி.எஸ்.டி.க்கு வெளியேதான்.

பில்லின் தலைப்பில் இருக்கும் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்கினால் அது தமிழ்நாட்டுப் பதிவு. 34 என்றால் புதுச்சேரி. அடுத்த பத்து இலக்கங்கள் கடைக்காரரின் பான் எண்.

ஆண்டு விற்பனை 1.5 கோடி ரூபாய்க்கு மேல் போகாத கடைகள் ‘காம்போசிஷன்’ திட்டத்தில் சேரலாம். பொருள் விற்கும் கடை என்றால் விற்பனையில் 1 சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்டும். அப்படிப்பட்ட கடை உங்களிடம் தனியாக வரி கேட்கக் கூடாது. கேட்டால் தயங்காமல் மறுங்கள். எந்தக் கடையிலும், எம்.ஆர்.பி.க்கு மேல் ஜி.எஸ்.டி. சேர்த்து வாங்குவதும் தவறு. அச்சிட்ட அந்த விலையில் வரி முழுவதும் அடக்கம்.