மோப்ப நாயும் காற்றும்

"மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை." நாளேடுகளில் நாம் அடிக்கடி காணும் செய்தி இது. படித்தவுடன் நாயின் திறமையை ஐயுறுகிறோம். அந்த இடத்தில் அன்று காற்று எப்படி வீசியது என்று நம்மில் எவரும் கேட்பதில்லை.

மனித வாடை என்பது யாது? நம் தோலிலிருந்து நிமிடந்தோறும் பல்லாயிரக்கணக்கான நுண்செதில்கள் உதிர்ந்த வண்ணம் உள்ளன. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஏறிய அவற்றை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது ஆளுக்கு ஆள் வேறுபட்ட வாடை எழுகிறது. மணம் உணரும் செல்கள் மனித மூக்கில் சில பத்து இலட்சங்களே; அல்சேஷன் நாய்க்கோ 20 கோடிக்கும் மேல் என்பர்.

களத்தில் நெல் தூற்றும்போது மணி அருகே விழ, பதர் காற்றோடு தள்ளிப்போய் விழுகிறதல்லவா? வாடையின் கதையும் அதுவே. மிதிபட்ட புல்லும் மண்ணும் தரும் வாடை அடிச்சுவட்டிலேயே தங்கிவிடும். உடலிலிருந்து உதிர்ந்த வாடையோ காற்று போகும் பக்கமாக விலகி, வரப்போரத்திலும் புதரடியிலும் சுவரோரத்திலும் படியும். ஆகவே நாய் சுவட்டை விட்டுச் சில அடி தள்ளி ஓடினால் அது தவறு செய்கிறது என்பதில்லை. வாடை இருக்குமிடத்தில்தான் ஓடுகிறது.

இதை அறிந்தே பயிற்சியைப் படிப்படியாக அமைக்கின்றனர். முதலில் பின்காற்று. உதவியாளர் ஒருவர் காற்று முதுகில் படும்படி புல்தரையில் ஐம்பதடி தூரம் நடந்து சென்று மறைந்துகொள்வார். அவருடைய கைக்குட்டையை முகர்ந்த நாய் அதே திசையில் செல்லும். அவரது வாடை காற்றில் எதிரே வராததால் நாய் மூக்கைத் தரையில் வைத்தே தேடக் கற்கும். கண்டுபிடித்ததும் ஓர் இறைச்சித் துண்டும் நல்ல பாராட்டும் பரிசு.

அடுத்தது குறுக்குக்காற்று. இங்கு நாய் சுவட்டுக்குப் பக்கவாட்டில் விலகி ஓடும். கயிற்றைச் சுண்டி இழுத்து அதைச் சுவட்டுக்குக் கொண்டுவருவது கூடாது. தடம் திரும்பும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டாலும், பயிற்சியாளர் நின்ற இடத்திலேயே நின்று, நீண்ட கயிற்றைத் தளர்த்தி, நாய் வட்டமிட்டுத் தானே தேட விடவேண்டும்.

கடைசியில்தான் எதிர்காற்று. அப்போது நாய் தலையைத் தூக்கி, காற்றில் வரும் வாடையைப் பிடித்து நேரே ஆளிடம் ஓடிவிடும். காட்டில் வழிதவறிய குழந்தையைத் தேடுவதற்கு இது பெருந்துணை. ஆனால் தொடக்கத்திலேயே இதைப் பழக்கினால், பிறகு தரைத் தடத்தைப் பொறுமையாகத் தொடர நாய்க்கு மனம் வராது.

நாயைவிட அதிகம் கற்கவேண்டியவர் கயிற்றைப் பிடித்திருப்பவரே. சிறிது முகப்பவுடரைத் தூவிக் காற்றின் போக்கை அவர் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். உச்சிவெயிலில் சூடேறிய காற்று வாடையை மேலே தூக்கிச் சிதறடிக்கும்; ஈரமும் குளிர்ச்சியும் உள்ள அதிகாலையில் அது தரையோடு தங்கும். சுவர்களின் மூலைகளில் காற்று சுழன்று வாடையைக் குவித்துவிடுவதும் உண்டு.

இந்தக் கடைசிச் செய்தி சிந்தனைக்கு உரியது. நாய் ஒரு வீட்டின் சுவரோரம் நின்றுவிட்டது என்பதற்காக ஊரார் அந்த வீட்டுக்காரரைக் கள்வர் என்று முடிவுகட்டினால் என்ன ஆகும்? 2008-ஆம் ஆண்டு அசாம் மாநில வழக்கொன்றில், மோப்ப நாய் காட்டும் வழி புலனாய்வுக்கு உதவலாமே தவிர, குற்றத்தை நிறுவும் சான்றாகாது என்று நம் உச்சநீதிமன்றம் கூறியது. நாய் பொய் சொல்வதில்லை. வாடை இருக்குமிடத்தைக் காட்டுகிறது, அவ்வளவே. அந்த வாடை அங்கே நடந்து வந்ததா, காற்றில் வந்ததா என்று ஆராய்வது மனிதரின் கடமை.