வெளிநாடு செல்லும் வணிகருக்குக் கைபேசி செய்யும் உதவி

சரக்கு வாங்கவும், நம் சரக்குக்குப் புதிய வாடிக்கையாளரைத் தேடவும் வெளிநாடு செல்வது முன்பெல்லாம் பெரிய ஏற்றுமதியாளர்களின் வேலையாக இருந்தது. இன்று மளிகைக் கடை வைத்திருப்பவரும் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் என்று நான்கு நாள் போய் வருகிறார். கடையைப் பிள்ளையிடமோ கணக்குப்பிள்ளையிடமோ ஒப்படைத்துவிட்டுச் செல்லும் அந்த நான்கு நாளில் ஒரு நாள் வீணானாலும் அது நஷ்டக் கணக்கில்தான் சேரும்.

கையிலுள்ள செல்போனை முறையாகப் பயன்படுத்தினால் தரகருக்கும் டாக்சிக்கும் போகும் பணத்தில் கணிசமான பகுதி மிஞ்சும். தயார் செய்யாமல் எடுத்துச் சென்றால் அதே செல்போன் நடுவழியில் காலை வாரிவிடும். ஆகவே, பயணத்துக்கான செயலிகளை விமான நிலையத்தில் அல்ல, கடையில் உட்கார்ந்திருக்கும்போதே தயார் செய்துவிட வேண்டும் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது.

நுழைவு அட்டைக்குக் கட்டணம் இல்லை

இந்த மூன்று நாடுகளுக்கும் செல்வோர் விசா விதிகளைப் பார்ப்பதோடு, நுழைவு அட்டையையும் இணையம் வழியாக நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு 'எஸ்.ஜி. அரைவல் கார்டு'. இதை அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் 'மைஐசிஏ' செயலியிலேயே நிரப்பலாம். மலேசியாவில் 2024 ஜனவரி முதலும், தாய்லாந்தில் 2025 மே முதலும் இதே போன்ற மின்னணு அட்டை கட்டாயமாகியுள்ளது. மூன்றையும் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும்.

இந்த மூன்று அட்டைகளுக்கும் அரசு ஒரு பைசாகூட வாங்குவதில்லை. ஆனால் இணையத்தில் தேடினால், அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். அவை கட்டணம் கேட்கும். பாஸ்போர்ட் விவரத்தையும் வாங்கிக்கொள்ளும். பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் அல்ல என்று உடனே வெளியேறிவிட வேண்டும்.

பணம் செலுத்தும் வழி

ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் முதல் புதிதாக வழங்கப்படும் வங்கி அட்டைகள் உள்நாட்டில் மட்டுமே செல்லும்படி தரப்படுகின்றன. வெளிநாட்டில் பயன்படுத்த வேண்டுமானால் வங்கிச் செயலியில் அந்த வசதியை நாமே திறக்க வேண்டும். உச்சவரம்பையும் நாமே வைக்கலாம். ஊர் திரும்பியதும் மறக்காமல் மூடிவிட வேண்டும்.

யு.பி.ஐ. வசதி சிங்கப்பூரில் சில கடைகளில் உண்டு. ஆனால் செயலியில் 'யு.பி.ஐ. இன்டர்நேஷனல்' என்பதைத் தனியாகத் தொடங்க வேண்டும். எல்லாக் கடையிலும் செல்லாது என்பதால் இதை மட்டும் நம்பிப் போவது சரியல்ல.

2023 பிப்ரவரியில் நம் யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் 'பேநவ்' முறையும் இணைக்கப்பட்டன. இது தனிநபர்கள் பணம் அனுப்பிக்கொள்வதற்கான ஏற்பாடு. சரக்குக்கு முன்பணம் இதில் அனுப்பக்கூடாது. இறக்குமதிப் பணம் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணுடன் வங்கி மூலமாகவே போக வேண்டும். 'அவசரம், இப்போதே அனுப்புங்கள்' என்று யார் சொன்னாலும் நாம் இதில் வழுவக்கூடாது.

'எக்ஸ்.இ.' என்ற செயலி எந்த நாட்டு நாணயத்துக்கும் அன்றைய மதிப்பைக் காட்டும். அது சந்தையின் நடு மதிப்பு. நாணயம் மாற்றும் கடைக்காரர் அதைவிடக் குறைத்தே கொடுப்பார். எவ்வளவு குறைக்கிறார் என்று தெரிந்துகொள்ள இச்செயலி உதவும்.

வழியும் மொழியும்

ஊபர் நிறுவனம் 2018-இல் தென்கிழக்கு ஆசிய வியாபாரத்தைக் 'கிராப்' நிறுவனத்திடம் விட்டுவிட்டது. ஆகவே இம்மூன்று நாடுகளிலும் கிராப் செயலிதான் கைகொடுக்கும். ஏறுமுன்பே கட்டணம் தெரிந்துவிடுவதால் பேரத்துக்கு இடமில்லை. கூகுள் மேப்ஸில் போகும் நகரத்தின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்தால் இணையம் இல்லாதபோதும் வழி தெரியும்.

கூகுள் டிரான்ஸ்லேட் செயலியின் கேமராவைத் தாய் மொழியில் அச்சிட்ட பொட்டலத்தின் மீது காட்டினால், உள்ளே என்ன சரக்கு, காலாவதி எப்போது என்பதை ஓரளவு படித்துவிடலாம். ஆனால் விலை, அளவு, தவணை ஆகியவற்றை மொழிபெயர்ப்பை நம்பி முடிவு செய்யக் கூடாது. எண்ணை எழுதிக் காட்டி, அளவையும் கேட்டு உறுதி செய்ய வேண்டும். மலேசியச் சந்தைகளில் 'காட்டி' என்ற பழைய அளவை இன்றும் சொல்பவர்கள் உண்டு. அது சுமார் 600 கிராம். கிலோ விலை என்று எண்ணிக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு கிலோவுக்கும் 400 கிராம் துண்டு விழும்.

ஓ.டி.பி. வராவிட்டால்

வெளிநாட்டில் பலர் தடுமாறுவது இங்கேதான். அங்கே போய் உள்ளூர் சிம் வாங்கி, நம் சிம்மைக் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறார்கள். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. அந்தச் சிம்முக்குத்தான் வரும். இரண்டு சிம் போடும் செல்போனில் நம் சிம்மை விட்டுவைத்து, ரோமிங் வசதியைப் புறப்படுமுன் திறந்துகொள்வதே சரியான முறை. அதில் டேட்டாவை நிறுத்தி வைத்தால் டேட்டா செலவு கூடாது.

நம் செல்போன் ஒரு கல்லாப்பெட்டி. கடையின் வங்கிக் கணக்கு, வரவேண்டிய பாக்கி, வாடிக்கையாளர் எண்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அது தொலைந்தால் பயணம் மட்டுமல்ல, ஊரில் வியாபாரமும் நின்றுபோகும். திரைப்பூட்டு அவசியம். பொது வைஃபையில் வங்கிச் செயலியைத் திறக்கக் கூடாது. பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் அனுமதி இல்லை.

எத்தனை செயலி இருந்தாலும் பாஸ்போர்ட் நகல், விமானச் சீட்டு, தங்குமிட முகவரி, இந்தியத் தூதரகத் தொலைபேசி எண், அட்டையை முடக்க வேண்டிய வங்கி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் இன்னொரு பிரதி கடையில் இருக்கட்டும். சார்ஜ் தீர்ந்த செல்போனைவிட அந்தத் தாள் மேலானது.

சென்று திரும்பும் உறுப்பினர்கள் தாங்கள் கண்ட வசதிகளையும் ஏமாற்றுகளையும் சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னால், அடுத்துச் செல்பவருக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.