சக்கரம் உருளும் திசையில் இறுகும் நட்டு

மலையேறும் பழைய வண்டிகள் – 11

கமான் பட்டையை உயர்த்தினால் ஸ்டியரிங் என்ன பாடுபடும் என்று சென்ற வாரம் பார்த்தோம். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. இந்த வாரம் பிரேக் என்று சொல்லியிருந்தேன். பிரேக்கைப் பார்க்க டிரம்மைக் கழற்ற வேண்டும். டிரம்மைக் கழற்ற முதலில் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அந்தச் சக்கரத்தின் ஐந்து நட்டுகள் இந்த வாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டன.

கம்பத்திலிருந்து ஒரு வாசகரின் கடிதம் வந்தது. உறவினரின் ஏலத் தோட்டத்தில் பல காலம் ஓடிய பழைய ஜீப் ஒன்றை வாங்கியிருக்கிறார். அலாய் சக்கரம் மாட்ட ஒரு கடைக்குக் கொண்டு போனார். வலப்பக்கம் இரண்டு சக்கரமும் சுலபமாகக் கழன்றன. இடப்பக்கம் வந்ததும் நட்டு அசையவில்லை. ஸ்பேனரில் நீளமான குழாயைச் செருகி, அதன் மேல் ஒரு பையன் ஏறி நின்று மிதித்திருக்கிறான். போல்ட்டு முறிந்தது. அடுத்ததும் முறிந்தது. துருப்பிடித்த போல்ட்டு என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ‘வலப்பக்கம் துரு இல்லையே, இடப்பக்கம் மட்டும் எப்படி?’ என்பது வாசகரின் கேள்வி. நல்ல கேள்வி.

துரு காரணம் இல்லை, ஐயா. உங்கள் வண்டியின் இடப்பக்கச் சக்கரங்களில் இருப்பது இடது மரை. கழற்றுவதாக நினைத்து அந்தப் பையன் இறுக்கிக்கொண்டிருந்தான். அரை அங்குலப் போல்ட்டு, குழாயின் நீளமும் ஆளின் எடையும் சேர்ந்தால் எவ்வளவு நேரம் தாங்கும்?

இந்த ஏற்பாடு வில்லீஸ் ஜீப்போடு வந்தது. இரண்டாம் உலகப் போரின் ராணுவ ஜீப்பிலும், அதற்குப் பின் வந்த சிவிலியன் ஜீப்புகளிலும் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை, வலப்பக்கத்துக்கு வழக்கமான வலது மரை. மும்பையில் வில்லீஸ் ஜீப்பை அசெம்பிள் செய்யத் தொடங்கிய மகிந்திரா, பிறகு சிஜே-3பி என்ற உயரமான பானெட் வைத்த ஜீப்பைப் பல காலம் தயாரித்தது. (அந்த உயரம் அழகுக்காக வந்ததல்ல. 2.2 லிட்டர் என்ஜினில் உள்ளிழுக்கும் வால்வைத் தலைக்கு மேலே கொண்டுபோனார்கள், என்ஜின் உயர்ந்தது, அதை மூட பானெட்டும் உயர்ந்தது. இதற்கு ஒரு தனி வாரம் வேண்டும்.) அந்த வம்சத்து ஜீப்புகளில் இன்றும் இடது மரை போல்ட்டுகளைக் காணலாம். போல்ட்டின் முனையைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பலவற்றில் ஆங்கில எல் எழுத்து குத்தியிருக்கும். இங்கே இடம் என்பது ஓட்டுநர் இருக்கையில் முன்னோக்கி உட்கார்ந்தவரின் இடக்கைப் பக்கம்.

அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்களிலும் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை இதே ஏற்பாடு இருந்தது. நம் ஊரில் பழைய லாரிகளோடு பழகிய டயர் கடைப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. போடியில் ஒரு டயர் கடையில் பார்த்தேன். வேலைக்குப் புதிதாக வந்த பையன் காற்றழுத்த கன்னை ஜீப்பின் இடச்சக்கரத்தில் வைத்ததும் உள்ளேயிருந்து பெரியவர், “அது லெஃப்ட் மரைடா தம்பி, கையை எடு” என்று குரல் கொடுத்தார். அவர் சக்கரத்தைப் பார்க்கக்கூட இல்லை. வாசலில் வந்து நின்ற என்ஜின் சத்தமே அவருக்குப் போதுமாக இருந்தது.

ஏன் இப்படிச் செய்தார்கள்? இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

ஒரு பென்சிலை எடுங்கள். இடக்கைக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, பென்சிலைத் தளர்வாக உள்ளே விடுங்கள். இப்போது வளையத்தின் உட்சுவரை விட்டு விலகாமல், பென்சிலை வலஞ்சுழியாக ஒரு சுற்று உருட்டுங்கள். பென்சில் தன்னைத்தானே எந்தப் பக்கம் சுற்றுகிறது? இடஞ்சுழியாக. பெரிய துளைக்குள் சிறிய உருளை உருண்டால், அது போகும் திசைக்கு எதிராகத்தான் சுழலும்.

இதைச் சக்கரத்தில் வைத்துப் பாருங்கள். நட்டு கொஞ்சம் தளர்ந்துவிட்டது; சக்கரத்தின் துளைக்குள் மயிரிழை இடைவெளி விழுந்துவிட்டது. வண்டியின் எடையால் தரையிலிருந்து வரும் அழுத்தம் எப்போதும் கீழிருந்து மேலே. ஆனால் சக்கரம் சுழல்கிறது. ஆகவே, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் நட்டின் கணக்கில், அந்த அழுத்தம் சக்கரத்துக்கு எதிர்த் திசையில் வளைய வருகிறது. நட்டு துளைக்குள் அப்படியே உருள்கிறது. உருளும் திசைக்கு எதிராகச் சுழல வேண்டும் அல்லவா? எதிருக்கு எதிர் என்றால் சக்கரம் சுழலும் திசையே. வண்டி முன்னால் போகையில், இடச்சக்கரம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இடஞ்சுழியாகச் சுற்றும். தளர்ந்த நட்டும் இடஞ்சுழியாக நகரப் பார்க்கும். அங்கே வலது மரை இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் நட்டு கழன்றுகொண்டே வரும். இடது மரை இருந்தால் இறுகும் பக்கம் போகும். அந்தக் காலத்துப் பொறியாளர் யோசித்தது இதைத்தான்: பூட்டியவன் மறந்தாலும் சாலை அவனுக்காகக் கொஞ்சம் இறுக்கட்டும்.

வீட்டில் சைக்கிள் இருந்தால் இடப்பக்கப் பெடலைப் பாருங்கள். அதுவும் இடது மரைதான். அங்கே இன்னொரு அதிசயம் உண்டு. பெடலின் பேரிங் உரசி இழுக்கும் இழுப்பை மட்டும் கணக்கில் எடுத்தால், இடது மரை வைத்த இடப்பெடல் கழன்றுவிட வேண்டும். ஆனால் காலின் எடை அச்சைத் துளைக்குள் உருட்டும் விசை அந்த உரசலைவிடப் பெரியது. அதனால்தான் கணக்குப் போட்டு நாம் எதிர்பார்க்கும் மரைக்கு நேர் எதிரான மரையைச் சைக்கிளில் வைத்திருக்கிறார்கள். தினமும் மிதிக்கிறோம், கவனிப்பதில்லை.

இதிலிருந்து பட்டறைக்கு ஒரு விதி கிடைக்கிறது. இந்த ஜீப்புகளில் இடம் வலம் என்று குழம்பவே வேண்டாம். ஸ்பேனரை நட்டின் மேல் நிமிர்த்தி வையுங்கள். வண்டி முன்னால் போகும் பக்கமாகத் தள்ளினால் இறுகும். பின்பக்கமாக இழுத்தால் கழலும். நான்கு சக்கரத்துக்கும் இது ஒன்றே. கம்பம் வாசகர் இதைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பல கைகள் மாறிய ஜீப்பில் இந்த விதியைக் கண்மூடி நம்பக் கூடாது. முன் அச்சு ஒரு வண்டியிலிருந்து, பின் அச்சு வேறொன்றிலிருந்து என்று கலந்து கட்டிய வண்டிகள் மலையடிவாரம் எங்கும் உண்டு. இடது முன்சக்கரத்தில் இடது மரையும் இடது பின்சக்கரத்தில் வலது மரையும் இருக்கலாம். ஒவ்வொரு சக்கரத்திலும் மரையின் சாய்வைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை வைக்க வேண்டும்.

கலப்பில் இன்னொரு ஆபத்து மறைந்திருக்கிறது. இதுவே எனக்கு அதிகக் கவலை. வில்லீஸ் வழி ஜீப்பின் ஐந்து போல்ட்டுகள் 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் நிற்கின்றன. மாருதி ஜிப்சிக்கும் அதே வட்டம். ஆகையால் ஒன்றின் சக்கரம் மற்றதில் போய் உட்கார்ந்துவிடும். போல்ட்டு வேறு. ஜீப்பினுடையது அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 20 மரை, ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 1.27 மில்லிமீட்டர். ஜிப்சியினுடையது 12 மில்லிமீட்டர். மரை இடைவெளி 1.25. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஜீப்பின் நட்டு ஜிப்சி போல்ட்டில் சுலபமாக ஏறும். கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். கடைசியில் இறுகியது போலவும் தெரியும். மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கிறது. மேட்டில் ஏறி இறங்கும்போது அந்த நுனி உரிந்து போகும். ஜிப்சி அச்சு மாற்றிய ஜீப் உங்களிடம் இருந்தால், நட்டை விரலால் முழுதும் ஏற்றி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த நட்டு வேண்டாம்.

அலாய்க்கு வருவோம். அதோடு பெட்டியில் வரும் நட்டுகள் எல்லாம் வலது மரை. இடப்போல்ட்டில் அவை ஏறாது. கன் வைத்து ஏற்றினால் இரண்டு மரையும் நாசம். இடது மரையை ஒழிக்க விரும்பினால் ஒழிக்கலாம், தவறில்லை. கூம்பு முகம் உள்ள நட்டு சரியான பள்ளத்தில் சரியான இறுக்கத்தில் உட்கார்ந்தால் துளையில் இடைவெளியே இருக்காது. நட்டு உருள இடமும் இருக்காது. இன்றைய கார்களில் இரண்டு பக்கமும் வலது மரை இருப்பது இதனால்தான். ஆனால் போல்ட்டை மாற்றும் வேலையைச் சுத்தியலிடம் விடாதீர்கள். பழைய ஜீப்பில் டிரம்மையும் ஹப்பையும் சேர்த்துப் பிடித்திருப்பதே அந்தப் போல்ட்டின் விரித்து அடித்த கழுத்து. அந்தக் கழுத்தைக் கடைந்து எடுக்காமல் போல்ட்டை அடித்துத் தள்ளினால் ஹப்பின் துளை பெரிதாகிவிடும். பிறகு எந்தப் புதுப் போல்ட்டும் அதில் நிலைக்காது. லேத் உள்ள பட்டறையில், பிரஸ்ஸில் வைத்து, ஐந்தையும் சேர்த்து மாற்றுங்கள்.

நட்டு உட்காரும் பள்ளத்தில் பெயின்ட் இருக்கக் கூடாது. புதுச் சக்கரத்தின் தடித்த பூச்சு நாலு நாளில் நசுங்கி, நட்டு தானே தளர்ந்து நிற்கும். நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை. சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். சக்கரத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஐந்து நட்டுகளை யார் பார்ப்பது? பேரிங்குக்கும் கூடுதல் சுமை.

இப்போது ஜாக்கி. தூக்கும்போது வண்டி உருளாமல் பிடிக்க வேண்டியது ஹேண்ட் பிரேக் என்பதால், பிரேக்கில் இந்த வாரம் நான் தொடப்போவது அது ஒன்றைத்தான்.

வில்லீஸ் காலத்து அமைப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், பின் புரொப்பலர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் சிறிய டிரம் ஒன்று இருக்கும். ஹேண்ட் பிரேக் போட்டால் நிற்பது அந்த ஷாஃப்ட். பழைய லேண்ட் ரோவரிலும் இப்படித்தான். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்வரை இது மிக உறுதியான பிரேக். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிய நொடியில் நிலைமை மாறுகிறது. ஷாஃப்ட் நின்றாலும் டிஃப்ரன்ஷியல் நிற்பதில்லை: தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையிலுள்ள சக்கரம் மறுபக்கம் சுற்றலாம். அதாவது, ஹேண்ட் பிரேக் முழுதாகப் போட்டிருக்கும்போதே வண்டி உருளும், ஜாக்கி சாயும். போடிமெட்டு வளைவுகளில் பஞ்சரான வண்டியை நினைத்துப் பாருங்கள்.

ஃபோர் வீல் லிவரைப் போட்டுவிட்டால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். தரையிலுள்ள முன்சக்கரங்கள் வண்டியைப் பிடிக்கும். பழைய ஓட்டுநர்கள் ஜாக்கிக்கு முன் லிவரைப் போட்டதன் காரணம் இதுவே. ஆனால் எரிபொருளை மிச்சப்படுத்த முன் சக்கரத்தில் ஃப்ரீ வீல் ஹப் மாட்டியிருந்தால்? ஹப்பைத் திருப்பி ‘லாக்’கில் வைக்காதவரை லிவர் போட்டும் பயனில்லை. பிற்காலத்தில் மாட்டிய ஒரு பாகம், அந்தக் காலத்துப் பாதுகாப்பு ஒன்றைச் சத்தமில்லாமல் கழற்றிவிடுகிறது. எதை மாட்டினாலும், அது எதைக் கழற்றுகிறது என்று கேளுங்கள். இந்தத் தொடரில் நான் வாரம்தோறும் சொல்ல நினைப்பது அது ஒன்றுதான்.

ஆகவே வரிசை இது: சமதளம், ஹேண்ட் பிரேக், ஹப் லாக், ஃபோர் வீல், கியர். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்துதல். அதன் பிறகே ஜாக்கி. வண்டிக்கு அடியில் உடம்பை நுழைப்பதானால் ஜாக்கி போதாது, ஸ்டாண்டு வேண்டும்.

பெரிய டயர் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு வரி. தொழிற்சாலையில் வந்த 6.00-16 டயரின் விட்டம் ஏறத்தாழ 28 அங்குலம். 31 அங்குலம் மாட்டினால் அதே டிரம், அதே லைனிங் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக உழைத்தால்தான் வண்டி அதே தூரத்தில் நிற்கும். சட்டத்தையும் மறக்க வேண்டாம்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கும் பதிவுச் சான்றிதழுக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கால் பிரேக் அடுத்த வாரம். ஒரே சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் குழாய் போகும் பழைய ஏற்பாட்டில், எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் பெடல் தரையைத் தொடும். அதை எப்படிப் பாதுகாப்பாக மாற்றுவது என்று விரிவாகப் பார்ப்போம். அதற்குள் உங்கள் ஜீப்பின் நான்கு சக்கரத்திலும் எந்த மரை இருக்கிறது என்று பார்த்து, ஒரு அட்டையில் எழுதி, ஜாக்கி வைக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். இரவில், மழையில், உங்கள் வண்டிக்குச் சக்கரம் மாற்ற வரும் ஆள் அதைப் படிக்க வேண்டும்.