இழுவைப் பொறியும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கத்தாருக்கு மணலும் வெள்ளமும் புதியன அல்ல. 2005 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் திருச்சிராப்பள்ளியின் பல பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. 1928 இல் கட்டப்பெற்ற பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் 2018 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெள்ளத்தால் சரிந்தன. இத்தகைய காலங்களில் சேற்றிலும் மணலிலும் இறங்கவல்ல ஜீப் முதலிய வண்டிகளை மக்கள் நாடுகின்றனர். நான்கு சக்கரங்களும் உந்தும் அவ்வண்டிகளும் ஒரோவழிப் புதைந்து நிற்றல் உண்டு. அந்நிலையில் வண்டி தன்னைத் தானே மீட்டுக்கொள்ளவும், பிற வண்டிகளை இழுத்தெடுக்கவும் அதன் முன்புறத்தே பொருத்தப்படுவது இழுவைப் பொறி. பழனி மலையில் 1966 முதல் மக்களை ஏற்றிச் செல்லும் மின்னிழுவை வண்டியை நாம் 'வின்ச்' என்று வழங்குகிறோம் அன்றோ? ஜீப்பின் முன்னுள்ளதும் அவ்வினத்ததே. அளவில் மட்டும் சிறியது.

தமிழ் பயிலும் மாணவர்க்குப் பொறியைப்பற்றிய பேச்சு எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். நாள்தோறும் கையாளும் கருவிகளைப்பற்றித் தெளிவாக எழுத இயலாத மொழி நாளடைவில் ஏட்டளவில் நின்றுவிடும் என்பதே எமது விடை.

இப்பொறியின் உறுப்புகள் நான்கு. இழுக்கும் ஆற்றலைத் தருவது மோட்டார். அதன் வேகத்தைக் குறைத்து வலிமையைப் பெருக்குவன பற்சக்கரங்கள். வடம் சுற்றிக்கொள்வது உருளை. நான்காவது, மின்சாரத்தை விடுத்தும் தடுத்தும், மோட்டாரை முன்னும் பின்னும் சுழலச் செய்யும் கட்டுப்பாட்டுப் பெட்டி. முழுப் பாரத்தை இழுக்கும்போது மோட்டார் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 400 ஆம்பியருக்கும் மேலாக மின்னோட்டத்தை ஈர்ப்பதுண்டு. இதனைக் கையிலுள்ள சிறு பொத்தான் தாங்காது. ஆதலின் பொத்தான் ஒரு சிறு மின்னோட்டத்தை மட்டும் பெட்டிக்கு அனுப்புகிறது. அங்குள்ள மின்காந்தம் தடித்த செம்புத் தகடுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பெருமின்னோட்டத்திற்கு வழி திறக்கிறது. சாலினாய்டு என்பது இதுவே. யானையின் வலிமை பாகனிடம் இல்லை. ஆயினும் அவன் கையிலுள்ள சிறு அங்குசம் அவ்வலிமையை ஆள்கிறது. பொத்தானுக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவும் அத்தகையதே.

இப்பெட்டி பெரும்பாலும் இழுவைப் பொறியின் மீதே அமர்த்தப்பட்டு விற்கப்படுகிறது. பொருத்துவார்க்கு அஃது எளிது. ஆனால் பெட்டிக்கு அவ்விடம் நல்லதன்று. வண்டி நீரில் இறங்குங்கால் முதலில் நனைவது அதன் முன்புறமே. சேறு படிகிறது; வெயில் காய்கிறது; கல்லும் மரக்கிளையும் மோதுகின்றன. ஈரம் புகுந்த செம்புத் தகடுகள் களிம்பேறி, வேண்டிய வேளையில் சேராதொழியும். வெள்ளத்திற்கென வைத்த கருவி வெள்ளத்தாலேயே முடங்குமாயின் அதனால் ஆவது என்ன? அன்றியும், உயர்ந்து நிற்கும் பெட்டி ரேடியேட்டருக்குச் செல்லும் காற்றையும் ஓரளவு மறைக்கிறது. இக்காரணங்களால் வல்லுநர் பலர் பெட்டியைக் கழற்றி, எஞ்சினை மூடும் பானெட்டின் கீழ் கொண்டு வைக்கின்றனர். மோட்டார் பழைய இடத்திலேயே இருத்தலின், இம்மாற்றம் அதனை நீரிலிருந்து காவாது. பெட்டியை மட்டுமே காக்கும்.

இம்மாற்றத்திற்கு ஒரு விலை உண்டு. மோட்டார்களுள் ஒருவகை, காந்தப்புலத்தையும் மின்சாரத்தாலேயே ஆக்கிக்கொள்வது. பாட்டரியின் இரு முனைகளையும் மாற்றியிணைத்தால் அது திசை மாறிச் சுழலும் என்று நினைத்தல் பிழை. புலச்சுருளிலும் சுழலியிலும் மின்னோட்டம் ஒருங்கே திரும்புதலின் சுழற்சி முன்போலவே இருக்கும். திசை மாற வேண்டின் புலச்சுருளில் மட்டும் மின்னோட்டத்தைத் திருப்பவேண்டும். அதன்பொருட்டுப் பெட்டியினின்று மோட்டாருக்கு மூன்று தடித்த கம்பிகள் செல்கின்றன: புலச்சுருளுக்கு இரண்டு, சுழலிக்கு ஒன்று. மின்னோட்டம் முதற்கம்பி வழியே சென்று, இரண்டாவதன் வழியே பெட்டிக்கு மீண்டு, மூன்றாவதன் வழியே மறுபடியும் செல்கிறது. பெட்டி பொறியின்மேல் இருந்தவரை இவை சாணளவே. பெட்டியை ஒன்றரை மீட்டர் அப்பால் வைத்தாலோ, மின்னோட்டத்தின் வழி ஏறத்தாழ 3 மீட்டர் நீள்கிறது. குறுக்குப் பரப்பு 50 சதுர மில்லிமீட்டர் உள்ள செம்புக் கம்பியாயின், 400 ஆம்பியர் ஓடும்போது இந்நீளத்தில் ஏறத்தாழ 0.4 வோல்ட் குறையும். 160 வாட் அளவு வெப்பமாய் வீணாகும். கம்பியின் பரப்பு பாதியாயின் இழப்பு இரு மடங்கு. நிலைக்காந்தம் கொண்ட மோட்டாருக்கு இரு கம்பிகளே போதுமாதலின் அதற்கு இத்தொல்லை இல்லை. எனவே தடித்த கம்பியும் குறுகிய வழியும் இம்மாற்றத்தின் முதல் விதி ஆகும்.

பானெட்டின் கீழும் எல்லா இடமும் ஒக்குமென்று கருதலாகாது. புகை வெளியேறும் குழாய்களை அடுத்த இடம் பெருவெப்பம் உடையது, அதனை நீக்கவேண்டும். பாட்டரிக்கு அண்மையில் இருத்தல் நன்று. எனினும் அதன் தலைமேல் ஆகாது. அமிலப் பாட்டரியினின்று ஹைட்ரஜன் வாயு எழும். சாலினாய்டு திறந்து மூடுங்கால் பொறி தெறிக்கும். இரண்டும் கூடினால் வெடிக்கும். இரும்புத் தகட்டினூடே கம்பி செல்லும் துளைகளில் ரப்பர் வளையம் இடல் வேண்டும். இன்றேல் வண்டியின் அதிர்ச்சியால் உறை தேய்ந்து செம்பு இரும்பைத் தொடும், தீப்பற்றும். வேலையைத் தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலிற் கழற்றுதலும், ஒவ்வொரு கம்பிக்கும் அடையாளச் சீட்டுக் கட்டுதலும் மறக்கலாகாதன.

இனிக் கூறுவதே யாவற்றினும் முதன்மையானது. பெருமின்னோட்டத்தால் செம்புத் தகடுகள் சிலபோது உருகி ஒட்டிக்கொள்ளும். அப்பொழுது பொத்தானை விடுத்தும் மோட்டார் நில்லாது. வடம் சுற்றிக்கொண்டே இருக்கும். கை அகப்படின் கை போகும், வடம் அறுந்தால் உயிரும் போகலாம். பெட்டி வெளியே இருந்தபோது அது கண்ணுக்குத் தெரிந்தது. இப்பொழுதோ மூடிய பானெட்டின் கீழ் மறைந்து கிடக்கிறது. நீருக்கு எட்டாதவாறு வைத்த பெட்டி நம் கைக்கும் எட்டாததாயிற்று.

திருவரங்கத்துச் சித்திரைத் தேரை நினைமின்கள். வடத்தைப் பற்றி இழுப்போர் மிகப் பலர். தேரை நிறுத்துவதும் வீதிமுனையில் திருப்புவதும் சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையுடன் செல்லும் சிலருடைய வேலை. அவர்கள் சக்கரத்தை விட்டு அகன்று பாதுகாப்பான திண்ணையில் அமர்ந்திருப்பின் தேரின் கதி யாதாகும்? இழுக்கும் வலிமை எங்கிருப்பினும் இருக்கட்டும். நிறுத்தும் கருவி மட்டும் கையெட்டும் தொலைவில் இருந்தே ஆகவேண்டும். ஆகவே பெட்டியை உள்ளே வைப்போர், பாட்டரிக்கும் பெட்டிக்கும் இடையே மின்சாரத்தை முற்றும் துண்டிக்கும் ஒரு பெரிய ஸ்விட்சை, பானெட்டைத் திறவாமலே திருப்பக்கூடிய இடத்தில் அமைத்தல் கட்டாயம்.

எல்லாம் பொருத்தியபின் பாரமின்றிச் சோதித்தல் வேண்டும். வடத்தைத் தளரவிட்டு, பொத்தானை ஒரு நொடி மட்டும் அழுத்திப் பார்க்கலாம். உள்ளிழுக்கும் பொத்தானுக்கு உருளை வெளிவிடுமாயின் புலச்சுருளின் இரு கம்பிகளும் இடம் மாறியுள்ளன என்று அறிக. பாரம் இழுக்கும்போது எஞ்சினை ஓடவிடுதலும், இடையிடையே மோட்டாருக்கு ஓய்வு தருதலும் நலம். சட்டத்தையும் நோக்கவேண்டும். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை விருப்பம்போல் மாற்றுதலைத் தடுக்கிறது. வண்டியின் முன்னே அனுமதியின்றிப் பொருத்தும் இரும்புக் காப்புகள் அப்பிரிவுக்கு மாறானவை என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவித்தது. பொறியை முன்புறத்தே பொருத்த விழைவோர் முன்னதாக அதிகாரிகளைக் கேட்டறிதல் தக்கது.

ஒரு கருவியைக் கேட்டினின்று காக்க முற்படுவோர், அதனால் பிறர்க்கு நேரக்கூடிய கேட்டையும் உடன் எண்ணுதல் கடன். பெட்டி நனையாதிருத்தல் ஒரு நன்மை. வேண்டிய கணத்தில் வடம் நிற்றல் அதனினும் பெரிய நன்மை. இரண்டையும் ஒருங்கே அமைப்பவனே அப்பொறியை உண்மையில் ஆள்பவன் ஆவான்.