அறுவைக்குப் பின்னும் ஓயாத முதுகுவலி: ஊசியின் மூன்று வழிகள்

இடுப்புப் பகுதியில் பிதுங்கிய இடைத்தட்டை அறுவையால் அகற்றிய பின்னரும், காலில் இறங்கும் வலி ஓயாதவர் பலர். 'தோல்வியுற்ற முதுகு அறுவை' என்று மருத்துவ நூல்கள் இதனை நெடுங்காலம் குறித்து வந்தன. பழி முழுவதையும் கத்தியின்மேல் சுமத்தும் அப்பெயர் பொருத்தமானதன்று. தட்டு மீண்டும் பிதுங்கியிருக்கலாம். நரம்பு வெளியேறும் துளை குறுகியிருக்கலாம். அறுத்த இடத்தில் வளர்ந்த வடுத்திசு நரம்பு வேரைப் பற்றியிருக்கலாம்.

நரம்பு வேரின் அழற்சியைத் தணிக்க, தண்டுவட உறைக்கு வெளியே அமைந்த 'எபிடியூரல்' வெளியில் ஸ்டீராய்டு மருந்து செலுத்தப்படுகிறது. அவ்வெளியை அடைய வழிகள் மூன்று.

முதல் வழி, முள்ளெலும்புகளின் பின்புற இடைவெளி. அங்குள்ள மஞ்சள் தசைநாரை ஊசி கடந்ததும் தடை சட்டென விலகும். அதனை மருத்துவரின் விரல் உணரும். அறுவையிலோ அத்தசைநாரின் ஒரு பகுதி நீக்கப்பட்டிருக்கும்; உறையும் வடுவோடு ஒட்டியிருக்கும். விரல் ஏமாறினால் ஊசி உறையைத் துளைத்துவிடும். ஆகவே, அறுவை நடந்த இடத்திலேயே இவ்வழியைக் கையாள்வது பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது.

இரண்டாவது, வாலெலும்புக்குச் சற்று மேலுள்ள துளை. 1901ஆம் ஆண்டில் பாரிஸில் சிக்கார், கத்லேன் ஆகிய இருவர் தனித்தனியே விவரித்த பழைய வழி இது. வடுவிலிருந்து விலகியிருப்பதால் உறை துளைபடும் அச்சம் குறைவு. எனினும் மருந்து மேலேறிச் செல்ல வேண்டும். அதற்கு மிகுந்த அளவு திரவம் தேவை. வழியில் வடு அணைபோல் மறித்தால், மருந்து உரிய நரம்பை எட்டாது.

மூன்றாவது, நரம்பு வெளியேறும் பக்கத்துளை. சிறிதளவு மருந்தே நோயுற்ற வேரின் அருகில் சேரும். ஆனால் தண்டுவடத்துக்குக் குருதி கொணரும் நுண்தமனி அத்துளைவழியே செல்லக்கூடும். துகள்கள் கொண்ட ஸ்டீராய்டு அதனுள் புகுந்து அடைத்தால் கால்கள் செயலிழக்கலாம். அரிதெனினும் கடுமையான இத்தகைய விளைவுகள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014இல் எச்சரித்தது. துகளற்ற டெக்சாமெத்தசோனைத் தேர்வதும், எக்ஸ்ரே திரையில் சாயம் பரவுவதைக் கண்ட பின்னரே மருந்து செலுத்துவதும் இதனாலேயே.

கிடைக்கும் தணிவு சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். வால்துளை வழியில் நடந்த ஆய்வுகளில், மரப்பு மருந்து மட்டும் பெற்றோரும் ஏறக்குறைய அதே பயனை அடைந்தனர். எனவே எந்த வழி என்பதற்கு முன், எந்த நரம்பு, எதனால் என்னும் வினாவே எழ வேண்டும். கடோலினியம் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் வடு ஒளிரும். புதிதாய்ப் பிதுங்கிய தட்டு உடனே ஒளிராது. நீரிழிவு உடையோர்க்கு ஊசிக்குப் பின் சில நாள்கள் சர்க்கரை உயரும் என்பதையும் முன்னரே சொல்லிவிட வேண்டும்.